ஓர் எழுத்தைப் பிடுங்கிய விஷம்

நான் சிறுநீர் வராமல் கிடந்தபோது, "யாரோ கண்ணு வெச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போன எல்லோருக்கும் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். யாரும் கண் வைக்கவில்லை. எனக்குள் ஒரு கிருமி வந்தது. அது ஒரு விஷத்தை விட்டது. அந்த விஷம் என் சிறுநீரகத்து ரத்தக் குழாய்களில் புகுந்து அங்கே இருந்த செல்களைக் கொன்றது. எப்படிக் கொன்றது என்று டாக்டர் எனக்குச் சொன்னார். எனக்குப் புரிந்த வரைக்கும் உங்களுக்குச் சொல்கிறேன். பூசி மெழுகிப் பேச எனக்கு வராது.

நான் ரயில்வே பணிமனையில் வெல்டர். அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்ததால் எனக்குக் கிடைத்த வேலை. தெலுங்கும் உருதும் பேசும் இந்த ஊரில் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் முரளி, ராமச்சந்திராபுரம் பெரிய தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய் வர வேண்டும். ஒரே மகள் தீபா, ஒன்பதாவது படிக்கிறாள். தமிழில் கேட்டால் இந்த ஊர் இந்தியில் பதில் சொல்லும் ஜாதி.

ஒரு ஞாயிறு சாயங்காலம் நானும் தீபாவும் தெருவோர வண்டியில் சீக் கபாப் தின்றோம். முரளிக்கு அன்று ஷிப்ட். கபாப் நடுவில் சரியாக வேகாமல் சிவப்பாக இருந்தது. பார்த்துவிட்டுத்தான் தின்றேன். பசி. அந்த வாரக் கடைசியில் இரண்டு பேருக்கும் வயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. மறுநாள் ரத்தமும் சேர்ந்து போனது. அன்று மாலைதான் எங்களுக்கு ரயில். காட்பாடிப் பக்கத்தில் நாத்தனார் பிள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் முரளி மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். நான் வரவில்லை என்றால் நாத்தனார் அதைப் பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவாள். ரயில்வேயில் இலவசப் பயணப் பாஸும் எழுதி வாங்கியாகிவிட்டது.

இங்கே எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு பழக்கம் உண்டு. பாஸ் வாங்கி ஊருக்குக் கிளம்பும் குடும்பம் முதலில் கம்பவுண்டர் சித்தப்பா வீட்டுக்குப் போகும். நடராஜன் என்று பெயர். எனக்கு ரத்த உறவில்லை, ஆனால் காலனியில் எல்லோருக்கும் அவர் சித்தப்பாதான். ரயில்வே மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பயணம் போகிறவர்களுக்காகச் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலம் மடித்து வைத்திருப்பார். ரயில் பொட்டலம் என்றே அதற்குப் பெயர். உள்ளே மூன்று மாத்திரை. ஒன்று பேதியை நிறுத்துவது. ஒன்று வயிற்றுவலிக்கு. மூன்றாவது கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக். புளிசாதம் கட்டாமல் போனாலும் போவார்கள், பொட்டலம் இல்லாமல் யாரும் ரயில் ஏற மாட்டார்கள்.

"சித்தப்பா, ரத்தமா போவுது" என்றேன்.

"சூடும்மா. நாள் பூரா நெருப்புல நின்னு வெல்டிங் அடிக்கிறவளுக்கு வேற என்ன போவும், பன்னீரா? இதைப் போடு. காட்பாடி வரைக்கும் கக்கூஸ் கதவை நீ தொட வேணாம்."

சிரித்துக்கொண்டே நான்கு பொட்டலம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஒன்றை நான் பிரித்து விழுங்கினேன். இன்னொன்றைத் தீபாவிடம் நீட்டினேன்.

"நக்கோ அம்மா. மேரேகு நக்கோ."

"வேணாம்னா எப்படிடி? ரயில்ல என்ன பண்ணுவே?"

"கைக்கு ஜாரே ரயில் மே? எதுக்கு ரயில்ல வரணும்? நீங்க போங்க. நான் இங்கயே இருக்கேன்."

அவளுக்கு ஒன்றும் பெரிய அறிவில்லை. மாத்திரை என்றாலே அவளுக்குத் தொண்டையில் சிக்கும், அவ்வளவுதான். கத்திப் பார்த்துவிட்டு எதிர் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் மோர்சாதமுமாக ஒரு வாரம் சோர்ந்து கிடந்து எழுந்துவிட்டாள்.

எனக்கு உடனே நின்றது. ரயிலில் நிம்மதியாகத் தூங்கினேன். காது குத்தில் வயிறு மத்தளம் போல உப்பியிருந்தது. மறுபடியும் பேதி வந்துவிடுமோ என்ற பயத்தில் மற்ற பொட்டலங்களையும் போட்டேன். "அண்ணி, முகமெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கே" என்றாள் நாத்தனார். புடவை கலர் அப்படி என்றேன்.

திரும்பி வந்து வேலைக்குப் போனேன். மதியம் வரை சிறுநீர் கழிக்கவே போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போய் உட்கார்ந்தால் வரவில்லை. மறுநாள் முகமும் காலும் வீங்கின. படியேற முடியாமல் மூச்சு வாங்கியது. ரயில்வே மருந்தகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒன்றுமே விளக்காமல், பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அப்போதுதான் பயந்தேன். விளக்கம் சொல்ல நேரமில்லை என்று ஒரு டாக்டர் நினைத்தால் விஷயம் மோசம் என்று அர்த்தம்.

அந்தப் பெரிய மருத்துவமனையின் பெயரை எழுதப் போவதில்லை. அவசரப் பிரிவுக்கு வெளியே வரிசையாக இரும்பு நாற்காலிகள். அவற்றில் ஒன்றில் தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். ஆள் மாற்றி ஆள் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கடைசியாக எப்போது சிறுநீர் போனது? எவ்வளவு? என்ன நிறம்? இத்தனை வருஷத்தில் என் சிறுநீரைப் பற்றி யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. நாலாவது ஆள் கேட்டபோது, "வந்தா உங்க கையிலயே கொடுக்கிறேன், போங்க" என்று கத்திவிட்டேன். முரளி என் தோளை அழுத்தினார்.

கிரியேட்டினின் என்று ஒரு சோதனை. தசை வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு அது. நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். எனக்குத் தள்ளாமல் ரத்தத்தில் ஏறிக் கிடந்தது. தட்டணுக்கள், அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் துணுக்குகள், அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தபோது சிவப்பணுக்கள் கிழிந்து கிடந்தனவாம். வட்டமாக இருக்க வேண்டியவை பாதியாக, ஹெல்மெட் போல. மலத்தைச் சோதித்ததில் கிருமியின் பெயரும் தெரிந்தது. ஈ-கோலை இனத்தில் ஒரு கெட்ட வகை. ஷிகா என்ற விஷத்தைச் செய்யும் வகை.

அன்றே கழுத்து ரத்தக் குழாயில் ஒரு தடித்த குழாயைச் செருகி, டயாலிசிஸ் என்று என் ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் கழுவி உள்ளே விட்டார்கள். முதல் தடவை எனக்குப் புத்தி தடுமாறியது. அந்த இயந்திரத்தை வெல்டிங் செட் என்று நினைத்து, கண்ணாடி இல்லாமல் எவன்டா வேலை செய்யச் சொன்னது என்று கூச்சல் போட்டேனாம். எனக்கு நினைவில்லை. முரளி சொல்லித்தான் தெரியும்.

சிறுநீரக டாக்டர் சிரீஷா தெலுங்குக்காரர். சென்னையில் படித்ததால் தமிழ் பேசுவார். என்னைவிட வயதில் சின்னவர். புத்தி தெளிந்ததும் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி: "இந்த விஷத்துக்கு என்ன மருந்து கொடுக்கிறீங்க?"

"மருந்து இல்லைம்மா."

"ஆன்டிபயாட்டிக்?"

"கூடாது. இந்தக் கிருமியைச் சில ஆன்டிபயாட்டிக் அடித்தால், அது உடைஞ்சு சாகும்போது இன்னும் அதிகமா விஷத்தைக் கொட்டும்."

"அப்ப நீங்க என்னதான் பண்ணுவீங்க?"

"மிஷின் வேலையைப் பாத்துக்கும். நாம காத்திருக்கணும்."

"காத்திருக்க எனக்கு எதுக்கு டாக்டர்? பஸ் ஸ்டாண்ட் போதுமே."

அவர் கோபப்படவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் பணிமனையைப் பற்றிக் கேட்டார். பிறகு அதை வைத்தே சொன்னார்.

ஒரு செல்லுக்குள் ஒரு மூல வரைபடம் இருக்கிறது. அது டி.என்.ஏ. மூலத்தை யாரும் பட்டறைக்குக் கொண்டுவர மாட்டார்கள், நகல்தான் வரும். அந்த நகல் ஆர்.என்.ஏ. அதைப் படித்துப் புரதம் என்ற உதிரிபாகங்களைச் செய்யும் இயந்திரத்துக்கு ரைபோசோம் என்று பெயர். செல் உயிரோடிருக்க அந்த உதிரிபாகங்கள் ஓயாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த இயந்திரமே பெரும்பாலும் இன்னொரு வகை ஆர்.என்.ஏவால் கட்டப்பட்டது.

கிருமியின் விஷம் இரண்டு பாகம். ஒரு பாகம் செல்லின் மேல்தோலில் ஒரு குறிப்பிட்ட கொழுப்பைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கொழுப்பு சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களில் அதிகம். அதனால்தான் குடலில் உண்டான விஷம் அங்கே போய்த் தங்குகிறது. செல் அதை ஏதோ சரக்கு என்று நினைத்துத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் மற்ற பாகம் கழன்றுகொள்ளும். அது ஒரு நொதி. ரைபோசோமின் ஆர்.என்.ஏ இழையில் ஆயிரக்கணக்கான எழுத்துகள், அதாவது ரசாயனத் துணுக்குகள், உண்டு. அதில் ஒரே இடத்தில், ஒரே ஓர் எழுத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடும்.

"இழையை அறுக்காதா?" என்றேன்.

"சில கிருமிகளோட விஷம் இழையையே அறுக்கும். பக்கத்துக் கிருமியைக் கொல்ல அப்படி ஒண்ணு வெச்சிருக்கும். சிலது தன் சொந்த ஆர்.என்.ஏவையே நறுக்கிப் போட்டுத் தூங்கிடும், ஆன்டிபயாட்டிக் போற வரைக்கும். உங்களுக்கு வந்தது அறுக்காது. ஒரு எழுத்தைப் பிடுங்கும். அது போதும். மிஷின் நின்னுடும்."

அதோடு முடியவில்லை. நொதி என்பது ஒரு வேலையில் செலவாகித் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. ஒரு ரைபோசோமைக் கெடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போகும். பிறகு அதற்கடுத்தது. உதிரிபாகம் இல்லாமல் செல் சாகும். குழாயின் உள்சுவர் உரிந்து, அங்கே ரத்தம் சிறு சிறு கட்டியாக உறையும். அந்த இடுக்கில் நெருக்கிக்கொண்டு போகும் சிவப்பணுக்கள் கிழியும். குழாய் அடைத்துச் சிறுநீரகம் நிற்கும்.

எனக்கு முழுசாகப் புரிந்தது. புரிந்ததில் கோபம்தான் அதிகமானது. ஒரு கியரில் ஒரு பல்லைத் தட்டிவிட்டால் ஷாப்பே நிற்கும் என்று பணிமனையில் எல்லோருக்கும் தெரியும். அங்கே பல்லை மாற்றலாம்.

"என் சிறுநீரகம் திரும்ப வேலைக்கு வருமா?" என்றேன்.

"நிறைய பேருக்கு வரும். சிலருக்கு வராது. எப்போன்னு சொல்ல முடியாது."

அதன் பிறகு எனக்கு வாழ்க்கையில் ஒரே கேள்விதான். சிறுநீர் வருமா, வராதா. வராவிட்டால் வாரத்துக்கு மூன்று முறை, சாகும் வரை, இந்த டயாலிசிஸ் நாற்காலி.

குடிக்க அளந்துதான் தண்ணீர். உள்ளே போனால் வெளியே வர வழியில்லை, நுரையீரலில் போய் நிற்கும். நாக்கு தோல் செருப்பு போல இருக்கும். தீபா அந்தத் தண்ணீரையே புளியங்கொட்டை அளவுக்குக் கட்டிகளாக உறைய வைத்து ஃபிளாஸ்கில் கொண்டுவருவாள். ஒன்றைச் சப்பினால் நெடுநேரம் வரும். முரளி என் எதிரில் தண்ணீர் குடிப்பதில்லை என்று வெகு தாமதமாகத்தான் கவனித்தேன். மாடிப்படிக்குப் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். செலவை ரயில்வே ஏற்றது. முரளியின் கூலியை யார் ஏற்பது? வேலைக்குப் போகாத நாளுக்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாததற்கும் சேர்த்து நான் அவரைத் திட்டினேன்.

டயாலிசிஸ் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி சகீனா ஆபாவுடையது. ஆபா என்றால் அக்கா. திருமுல்கேரியில் தையல் கடை வைத்திருந்தவள். ரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டதில் சிறுநீரகம் இரண்டும் போய்ப் பல வருஷமாகிறது, சொட்டுச் சிறுநீர்கூட வருவதில்லை. சொந்தத் தம்பி ஒரு சிறுநீரகம் தருகிறேன் என்றான். அவன் பெண்டாட்டி முடியாது என்றாள். "அவ சொன்னதும் சரிதான். அவன் தந்திருந்தா தினமும் வந்து சிறுநீரகம் எப்படி இருக்குன்னு கேப்பான்" என்று சிரிப்பாள் ஆபா.

முதல் நாள் நான் அழுதபோது அவள்தான் அதட்டினாள்.

"கைக்கு ரோரீ? ஏன் அழறே? அழுதா தண்ணி வீணாப் போவும். உனக்கே கொஞ்சம்தான் கொடுக்கிறாங்க."

ஒவ்வொரு முறை போகும்போதும் முதல் வார்த்தை, "ஹுவா க்யா?" என்பாள். வந்துச்சா? நான் இல்லை என்று தலையாட்டுவேன். "ஹோதா, ஹோதா" என்று கண்ணை மூடிக்கொள்வாள். ஆகும், ஆகும்.

ஒரு மதியம் கம்பவுண்டர் சித்தப்பா வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் சீவிய இளநீர், அதில் குழாயும் செருகியிருந்தது.

"குடிம்மா செல்வி. இளநி உள்ள போனா மூத்திரம் பிச்சிக்கிட்டு வரும்."

நான் கையை நீட்டினேன். அவ்வளவு தாகம். நர்ஸ் பறந்து வந்து பிடுங்கினார். "பொட்டாசியம்! பொட்டாசியம்! அவங்க இதயம் நின்னுடும், தாத்தா!" இளநீரில் பொட்டாசியம் என்ற உப்பு அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவளுக்கு அது ரத்தத்தில் ஏறினால் நெஞ்சுத் துடிப்பே நிற்கலாம். கைதவறிய இளநீர் சித்தப்பாவின் சட்டையெல்லாம் கொட்டியது.

எனக்குள் அத்தனை நாளாக இருந்தது வெளியே வந்தது. "ஒரு தடவை கொன்னது பத்தாதா உங்களுக்கு? பொட்டலத்தைக் கொடுத்துப் படுக்க வெச்சீங்க. இப்ப மிச்சத்தையும் முடிக்க வந்தீங்களா?"

"நாப்பது வருஷமாக் கொடுக்கிறேன் செல்வி. ஒருத்தரும் வந்து குத்தம் சொன்னதில்ல."

"செத்தவன் எப்படி வந்து சொல்லுவான்?"

அப்போது டாக்டர் சிரீஷா சுற்றுக்கு வந்தார். அவர் முன்னாலேயே கேட்டேன். இவர் மாத்திரையால்தான் எனக்கு இப்படி ஆச்சா, சொல்லுங்க.

டாக்டர் யோசித்துத்தான் பேசினார். "ரத்தமாப் போகும்போது பேதியை நிறுத்துற மாத்திரை கொடுக்கக் கூடாது. விஷம் குடல்லயே தங்கிடும். அந்த ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்திருக்கக் கூடாது. ஆனா மாத்திரையே சாப்பிடாதவங்களுக்கும் இது வந்திருக்கு. உங்களுக்கு எதனால முத்திச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது."

"ரத்தம் போனா கூடாதா?" என்று கேட்டார் சித்தப்பா. "யாரும் சொல்லலியே."

நனைந்த சட்டையோடு திரும்பிப் போனார். இப்போது பொட்டலம் மடிப்பதில்லை என்று முரளி சொல்கிறார். நான் விசாரிக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. அவர்தான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பேன். பாதி சந்தேகத்தை வைத்துக்கொண்டு யாரையும் மன்னிக்கவும் முடியாது, தண்டிக்கவும் முடியாது. நடுவில் கிடந்து வேக வேண்டியதுதான்.

பிறகு ஒரு காலை வயிற்றின் அடியில் ஏதோ கனத்தது. தீபா கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். வந்தது. அளவு ஜாடியின் அடியை மறைக்கக்கூடப் போதாது, டீ டிகாஷன் நிறம். தீபா அந்த ஜாடியைக் கோயில் தீர்த்தம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நர்ஸிடம் ஓடினாள். முரளி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் கொஞ்சம் அதிகம். அதற்கடுத்து இன்னும். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினார்கள், பிறகு நிறுத்திப் பார்த்தார்கள். கிரியேட்டினின் ஏறவில்லை. ஆனால் முழுசாக இறங்கவும் இல்லை. செத்த இடம் செத்ததுதான் என்றார் டாக்டர். மீதி இருப்பது மொத்த வேலையையும் இழுக்க வேண்டும். சிறுநீரில் புரதம் ஒழுகிக்கொண்டே இருக்கும். உப்பைக் குறைக்க வேண்டும், ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு வருஷமும் வந்து காட்ட வேண்டும். பின்னாளில் மறுபடி டயாலிசிஸ் தேவைப்படலாம், படாமலும் போகலாம். வெல்டிங் சூட்டில் நிற்கலாமா என்றேன். வேறு வேலை கேளுங்கள் என்றார். எனக்கு வேறு வேலை தெரியாது.

கழுத்துக் குழாயை எடுத்த அன்று டயாலிசிஸ் அறைக்குப் போனேன். ஆபா நாற்காலியில் இருந்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஹுவா க்யா?"

"ஹவ், ஆபா."

"எவ்வளவு?"

சொன்னேன். அவள் கண் ஒரு நொடி என் கழுத்துப் பிளாஸ்திரியில் நின்றது. பிறகு வழக்கம் போல வாயைத் திறந்தாள்.

"அப்ப உன் நாற்காலி காலி. பேசத் தெரிஞ்சவளா ஒருத்தியை அனுப்பச் சொல்லு. உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான், தூங்கியே கொன்னான்."

"நான் வந்து பாத்துட்டுப் போறேன் ஆபா, வாரா வாரம்."

"நக்கோ. வெறும் பார்வைக்கு யாரும் இங்க வர்றதில்ல. நீ வந்தா உக்காரத்தான் வருவே. வராதே."

அவள் கையைப் பிடிக்கப் போனேன். இயந்திரத்து ஊசி ஏற்றுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துப் பெரிதாக்கிய கை அது. தோலுக்கடியில் ரத்தம் கிர்ரென்று ஓடுவது வெளியே தெரியும். "அது மிஷினோட கை. இதைப் பிடி" என்று மற்றதை நீட்டினாள். சில்லென்று இருந்தது. அங்கே நிற்கும்போதே எனக்குச் சிறுநீர் முட்டியது. இத்தனை நாள் வேண்டிக்கிடந்தது, இந்த நேரம் பார்த்து. காலை மாற்றி மாற்றி வைத்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"போ. அடக்காதே" என்றாள்.

கழிவறை அந்த அறையை ஒட்டியே இருந்தது. நடுவில் மெல்லிய பலகைக் கதவு. அவளுடைய நாற்காலி கதவுக்கு நேரே. உள்ளே போய்த் தாழிட்டேன். சத்தம் அவளுக்குக் கேட்கக் கூடாது என்று தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன்.